ஷட்டர் இறங்கினால்தான் வீடு

சென்னை பிளாட்பாரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்காக மாநகராட்சியிடம் காப்பகம் இருக்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் அடுக்குமாடி வீடு இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான் வழி இல்லை.

என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பிக்கின்றன. ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டதும் எதிர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் எழுந்து வருகிறது. முதல் வேலை விளக்குமாற்றுக்கு. பகல் முழுக்க ஊர் மிதித்த படிக்கட்டையும் அதை ஒட்டிய நடைபாதையையும் ஒரு பெண் கூட்டித் தள்ளித் தண்ணீர் தெளிக்கிறார். மின்பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்த சாக்குமூட்டை அவிழ்கிறது: பாய், போர்வை, நான்கு பாத்திரம், பிள்ளைகளின் ஸ்கூல் பை. தெருவிளக்கு வெளிச்சம் விழும் மூலை படிக்கிற பிள்ளைக்கு. சுவரோரம் பெண்களுக்கு. ரோட்டுப் பக்கம், வண்டி ஏறினால் முதலில் அடிபடும் பக்கம், ஆண்களுக்கு. அடுத்த ஷட்டர் அடுத்த குடும்பத்துடையது. அந்த எல்லையை யாரும் தாண்டுவதில்லை. காலையில் கடைக்காரர் வருவதற்குள் எல்லாம் சுருண்டு மறுபடி மூட்டையாகிவிட வேண்டும். மழை பெய்தால், ஷட்டருக்கு மேலே சன்ஷேடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுதான் வீடு.

ரத்தன் பஜார், வால்டாக்ஸ் ரோடு, யானைக்கவுனி, பிராட்வே, ராயபுரம் என்று வடசென்னையின் வியாபாரத் தெருக்களில் ராத்திரிதோறும் நடக்கிற குடித்தனம் இது. இவர்கள் ஊரை விட்டு நேற்று ஓடிவந்தவர்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், தாத்தா காலத்தில் துறைமுகத்துக்கும் கொத்தவால்சாவடிக்கும் மூட்டை தூக்க வந்த குடும்பங்கள் ஏராளம். பேரப்பிள்ளைகள் இதே தெருவில் பிறந்து, இதே தெருவில் கல்யாணம் கட்டி, இதே தெருவில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், லோடு இறக்குகிறார்கள், பூ கட்டுகிறார்கள், பூண்டு உரிக்கிறார்கள், வீட்டுவேலைக்குப் போகிறார்கள். பிச்சை எடுப்பவர்கள் சிறுபான்மை. பாரிமுனையின் மொத்த வியாபாரம் இவர்களுடைய தோளில் ஏறித்தான் லாரிக்குப் போகிறது.

இந்த நகரத்திலிருந்து தெருப்பிள்ளைகளின் கிரிக்கெட் உலகக் கோப்பைக்குப் போனவர்கள் உண்டு. 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் கோப்பையைத் தூக்கிய தென்னிந்திய அணியில் சென்னைப் பிள்ளைகள் இருந்தார்கள். மாலை போட்டு வரவேற்றோம். பிறகு அவரவர் வீட்டுக்கு நாம் போய்விட்டோம்.

கஞ்சித்தொட்டி ஊர்

வீடில்லாதவருக்கு இடம் கொடுப்பது சென்னைக்குப் புதிதல்ல. ஹைதர் அலியோடு நடந்த போர் பஞ்சத்தில் முடிந்தபோது, 1782 வாக்கில், ஊர்களிலிருந்து வந்து குவிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றித் தங்கவைத்த மணியக்காரர் சத்திரம் ராயபுரத்துப் பக்கம் உருவானது. அதன் வயிற்றிலிருந்து பிறந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைக்காரர்கள் நெடுங்காலம் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். சத்திரம் இன்றும் முதியோருக்கு அடைக்கலம் தருகிறது.

1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் வந்தது. அடுத்த ஆண்டே அதற்கென்று சட்டமும் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் அன்றைய கொள்கை. மெரினா ஓரத்திலும் நகரத்தின் நடுவிலும் இன்றைக்கும் நிற்கிற பழைய போர்டு வீடுகள் அந்தக் கொள்கையின் மிச்சம். பிற்பாடு நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழைகளுக்கான வீடு தெற்கே நகர்ந்தது. 2000இல் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

பிளாட்பாரக் குடும்பம் இந்தக் கதையில் எந்தப் பக்கத்திலும் சேரவில்லை. ஏன் என்று பிறகு பார்ப்போம். முதலில் காப்பகம்.

---

பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

● 1985: பம்பாய் பிளாட்பாரவாசிகளுக்காக ஓல்கா டெல்லிஸ் தொடுத்த வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது உச்ச நீதிமன்றம். அதே நேரம், உரிய நடைமுறைப்படி அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது. சென்னை மக்களுக்காக அதே காலத்தில் உச்ச நீதிமன்றம் போனவர் அன்றைய வழக்கறிஞர், பின்னாளைய நீதிபதி கே.சந்துரு.

● 2010: முந்தைய டிசம்பரில் டெல்லி பூசா சாலையில் இரவுத் தங்குமிடம் ஒன்றை மாநகராட்சி கடுங்குளிரில் இடித்தது. உணவு உரிமை வழக்கின் ஆணையர்கள் என்.சி.சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் என்ற கணக்கு அதிலிருந்து பிறந்தது.

● 2013: தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைத் திட்டமாக்கியது. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி.

● 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் வீடற்றோர் 17.7 லட்சம் பேர். அவர்களில் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம்.

---

“காப்பகத்துல போய் படுக்கலாமே?”

பிளாட்பாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப்பேர் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 426 சதுர கிலோமீட்டருக்கு விரிந்த சென்னையில் 2011இலேயே ஏறத்தாழ 67 லட்சம் பேர். லட்சத்துக்கு ஒன்று என்றால் 67 காப்பகங்கள் வேண்டும். மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களின் கையில் ஒப்படைத்து, ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர் சிறுமிகளுக்கு, முதியோருக்கு, மனநலம் குன்றியோருக்கு எனத் தனித்தனியாகக் காப்பகங்கள் நடத்துகிறது. அரசு ஆஸ்பத்திரி வளாகங்களில் நோயாளிகளோடு வந்தவர்களுக்கும் காப்பகங்கள் உண்டு. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து, உள்ளே கணவன் படுத்திருக்க வெளியே மரத்தடியில் ராத்திரியைக் கழித்த பெண்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். பிள்ளைகள் கைவிட்ட முதியவருக்கு, அடி தாங்காமல் வெளியேறிய பெண்ணுக்கு, நினைவு தப்பித் தெருவில் அலைபவருக்குக் காப்பகம் உயிர்காப்புதான். அதில் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை.

குடும்பத்துக்கு அது பொருந்தவில்லை. கணவன் ஒரு காப்பகத்துக்கு, மனைவி இன்னொன்றுக்கு, பதின்வயது மகன் மூன்றாவதற்கு என்று பிரிந்து படுக்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது? அடுப்பு, பாத்திரம், கூடைகளை என்ன செய்வது? தெரு தரும் ஒரே சொத்து இடம். நாலு ராத்திரி வராவிட்டால் அந்த ஷட்டர் அடுத்தவருக்குப் போய்விடும். இடத்தோடு வேலையும் போகும். விடியற்காலையில் லாரி வந்ததும் முதலில் தட்டி எழுப்பப்படுகிறவர் அந்தக் கடை வாசலில் படுத்திருப்பவர்தான். பல கடைக்காரர்கள் இவர்களை விரட்டாததற்குக் கருணை மட்டும் காரணமில்லை. வாசலில் ஒரு குடும்பம் தூங்கினால் சம்பளமில்லாத வாட்ச்மேன் கிடைத்த மாதிரி.

வாலிபப் பிள்ளைகள் தனியாக வந்து கூலி வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பும் கூட்டம் வேறு வகை. ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தனி ஆண்களைத் தாங்கின. குமாஸ்தாவும் விற்பனைப் பிரதிநிதியும் உதவி இயக்குநரும் அங்கே தங்கினார்கள். லோடுமேனுக்கு அந்த வாடகையும் அப்போதே எட்டாது. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு ‘தோழி’ விடுதிகளைக் கட்டியிருக்கிறது, நல்ல காரியம். மூட்டை தூக்குகிறவருக்குத் தினவாடகையில் ஒரு பெட்டி, ஒரு பூட்டு, ஒரு குளியலறை என்று விடுதி கட்டும் யோசனை இதுவரை வலுப்பெறவில்லை. இவருக்குத் தேவை மறுவாழ்வு அல்ல, கட்டுப்படியாகும் படுக்கை.

காப்பகத்தின் இன்னொரு குறை அதன் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை படுக்கை நிரம்பியது என்பது எழுதப்படுகிறது. இங்கிருந்து எத்தனை பேர் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கணக்கு. அதைக் கேட்டால் பல காப்பகங்கள் காத்திருப்பு அறை என்பதை மறந்து, முடிவான இடமாகவே மாறிவிட்டது தெரியும்.

பெரும்பாக்கம் தந்த பாடம்

சரி, வீடே கொடுத்துவிட்டால்?

கொடுத்துப் பார்த்த அனுபவம் சென்னைக்கு நிறையவே உண்டு. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்டவை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் சாரைசாரையாக லாரியில் ஏற்றப்பட்டார்கள். பிராட்வேயிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். கான்கிரீட் கூரை, தனிக் கழிப்பறை, எட்டு மாடி, லிஃப்ட். பிளாட்பாரத்தோடு ஒப்பிட்டால் சொர்க்கம்தானே என்று தோன்றும்.

ஒரு வீட்டுவேலைத் தொழிலாளியின் நாளை எடுத்துக்கொள்வோம். சௌகார்பேட்டையில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து வந்தவர். தெருவில் இருந்தவரை நடந்து போய்விடுவார். காலை வேலை முடித்துப் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு மத்தியான வேலைக்குத் திரும்புவார். பெரும்பாக்கம் போனதும் விடியுமுன்னே பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். 2021இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம். அது பெரிய ஆறுதல். போகவர நேரத்தை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. நாலு வீடு இரண்டாகும். பள்ளி விட்டு வரும் பிள்ளை எட்டாவது மாடியில் தனியாக இருக்கும். லிஃப்ட் நின்ற நாளில் பாட்டி கீழே இறங்குவதில்லை. கணவருக்கு இன்னும் மோசம்: விடியற்காலை லோடுக்கு முதல் பஸ் பிடித்தாலும் தாமதம்தான். அவர் வாரம் முழுக்கப் பழைய ஷட்டர் வாசலிலேயே படுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். கையில் வீட்டுச்சாவி, படுப்பது பிளாட்பாரத்தில்.

கொஞ்ச நாளில் வீட்டை யாருக்காவது உள்வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பமே திரும்பிவிடும். “வீடு கொடுத்தா வித்துட்டு வந்துடறாங்க” என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வது இதைத்தான். அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், தரகர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் சோறு போடும் தெருவை விட்டு 25 கிலோமீட்டர் தள்ளி யாரை அனுப்பினாலும், என்னையோ உங்களையோ அனுப்பினாலும், திரும்பித்தான் வருவோம்.

இவ்வளவு பேரை ஒரே இடத்தில் குவித்ததற்கு வேறு விலையும் உண்டு. முகவரியைச் சொன்னதும் வேலை இல்லை என்று திருப்பியனுப்பப்பட்டதாகக் கண்ணகி நகர் இளைஞர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அங்கிருந்து போன கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற பிறகு ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று ஊரே பெருமையாகச் சொல்கிறது. ஒரு முகவரியின் கறையைத் துடைக்க ஒரு பெண் தங்கப் பதக்கம் வாங்கிவர வேண்டியிருக்கிறது.

பட்டியலில் இல்லாத தெரு

இப்போது விட்ட இடத்துக்கு வருவோம். இந்தத் தூரத்து வீடுகூடப் பிளாட்பாரக் குடும்பத்துக்கு எளிதில் கிடைப்பதில்லை. வாரியத்தின் வேலை குடிசைப் பகுதிகளோடு. 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985இல் 17 சேர்ந்தன. ஆற்றங்கரை, ரயில் பாதை ஓரம் என்று அப்புறப்படுத்த வேண்டிய இடங்களின் கணக்கு தனியாக எடுக்கப்படுகிறது. ராத்திரி விரித்துக் காலையில் சுருட்டும் பாய் இந்த எந்தப் பட்டியலிலும் ‘குடியிருப்பு’ ஆகாது. பகலில் கணக்கெடுக்க வருகிறவருக்கு அங்கே ஜவுளிக்கடைதான் தெரியும்.

மாநகராட்சியைக் கேட்டால், எங்களிடம் காப்பகம் இருக்கிறது, வீடு எங்கள் துறை இல்லை என்பார்கள். வாரியத்தைக் கேட்டால், எங்கள் பட்டியலில் இவர்கள் இல்லை என்பார்கள். இரண்டு பதிலும் விதிப்படி சரி. அதனால்தான் பிரச்சினை ஐம்பது ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

தேர்தல் ஆணையத்துக்கு மட்டும் இந்தச் சிக்கலே இல்லை! வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் அந்த இடத்துக்குப் போக வேண்டும். அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் பார்க்க வேண்டும். உறுதியானால் முகவரிச் சான்று எதுவும் தேவையில்லை. ஆணையத்தின் வழிகாட்டுதலே இப்படித்தான் சொல்கிறது. ஓட்டுக்காக நள்ளிரவில் தேடிப்போக முடிகிற அரசால் வீட்டுக்காகப் போக முடியாதா என்ன?

---

பெட்டிச் செய்தி: படுக்கையைக் குறைத்த நகரம்

ஹெல்சின்கியில் 1970இல் அவசரத் தங்குமிடப் படுக்கைகள் 2,121. 2016இல் 52. குளிரில் மக்களை விட்டுவிடவில்லை. படுக்கைக்குப் பதில் வீடு கொடுத்தார்கள். 2008இல் பின்லாந்து அரசு ‘முதலில் வீடு’ என்பதைத் தேசியக் கொள்கையாக்கியது. குடியை நிறுத்து, வேலை தேடு, பிறகு வீடு என்ற பழைய வரிசை தலைகீழானது: முதல் நாளே வாடகை ஒப்பந்தமும் சாவியும், மற்ற உதவிகள் அதன்பின். ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய பெரிய தங்குமிடமே தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றிக் கட்டப்பட்டது. 1980களின் இறுதியில் ஏறத்தாழ 18,000 பேர் வீடற்றிருந்த நாட்டில், அந்த எண்ணிக்கை நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது. சமூகநலச் செலவுகள் வெட்டப்பட்ட 2024இல் சற்றே ஏறியிருக்கிறது.

---

பக்கத்திலேயே இருக்கும் விடைகள்

பின்லாந்து பணக்கார நாடு, ஐம்பத்தாறு லட்சம் பேர்தான், நமக்குப் பொருந்தாது என்று சொல்லிவிடலாம். நம் ஊரிலேயே நடப்பதற்கு என்ன சொல்வது?

தெருவில் மனநோயோடு அலையும் பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேன்யன்’, சிகிச்சை முடிந்தும் போக வீடில்லாதவர்களுக்காக 2015இல் ஒரு வழி கண்டது. சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பெண்களைச் சேர்ந்து குடித்தனம் நடத்த விடுகிறார்கள். உதவிக்குச் சம்பளத்தில் ஓர் ஆள். மார்க்கெட்டுக்குப் போவதும் குழம்பு வைப்பதும் பக்கத்து வீட்டோடு சண்டை போடுவதும் அவர்கள் பாடு. கேரளம், மகாராஷ்டிரம், அசாம் எனப் பிற மாநிலங்களுக்கும் இது பரவியிருக்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் அடைத்துவைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. வாடகைக்கு ஒரு வீடு, தேவையான அளவு கைத்தாங்கல். புது நகரம் கட்ட வேண்டியதில்லை.

மும்பையைப் பாருங்கள். பைகுல்லா பிளாட்பாரப் பெண்களோடு சேர்ந்து ‘ஸ்பார்க்’ அமைப்பு 1985இல் அவர்களையே கணக்கெடுத்தது. இடித்துத் தள்ள வருகிறவர்களின் கையில் கணக்கு இல்லை. இவர்கள் கையில் இருந்தது. பெண்கள் மஹிளா மிலன் என்று சங்கமாகச் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமித்தார்கள், வீட்டின் அளவை அவர்களே வரைந்து பார்த்தார்கள். அவர்களோடு நின்றவர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கிய ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், 2000இல் மகசேசே விருது பெற்றவர். 1995இல் மகாராஷ்டிரக் குடிசை மறுவாழ்வுத் திட்டம் பிளாட்பாரவாசிகளையும் தகுதியுள்ளவர்களாக ஏற்றது. மான்கூர்டில் அந்தப் பெண்களின் மிலன் நகர் எழுந்தது. அதற்கு இருபது ஆண்டு பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். மான்கூர்டும் பைகுல்லாவுக்குப் பக்கமில்லை. ஆனால் மும்பையில் உள்ளூர் ரயில் இருக்கிறது.

சென்னையில் என்ன செய்ய முடியும்? முதல் தடை வாடகையைவிட அட்வான்ஸ். தினக்கூலி வாங்கும் குடும்பம் மாத வாடகையைத் தட்டுத்தடுமாறிக் கொடுத்துவிடும். பத்து மாத அட்வான்ஸை ஒரே நாளில் எண்ணிவைக்க முடியாது. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. நடைமுறையில் வீட்டுக்காரர் கேட்பதுதான் சட்டம். மாநகராட்சி அந்த அட்வான்ஸுக்குப் பொறுப்பேற்று, முதல் ஆண்டு வாடகையில் ஒரு பங்கைக் கொடுத்தால், ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஒற்றை அறை வீடு கிடைக்காமல் போகாது. கட்டி முடிக்க வேண்டிய அவசியமே இல்லாத வீடு அது.

அடுத்தது, வாரியமே நகரத்துக்குள் வைத்திருக்கும் நிலம். எழுபதுகளின் பழைய போர்டு வீடுகள் இடித்துக் கட்டப்படுகின்றன. உயரம் கூடுகிறபோது பழைய குடியிருப்புவாசிகளுக்குப் போக மிச்சமாகும் வீடுகளில் ஒரு பங்கை, சுற்றுவட்டாரப் பிளாட்பாரக் குடும்பங்களுக்கு ஒதுக்குவதற்குப் புதிய நிலம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். (புளியந்தோப்பு கே.பி. பூங்கா வாரிய வீடுகளில் 2021இல் தொட்டதும் உதிர்ந்த பூச்சை மறக்காமல் கட்டினால் சரி.) மொத்தமாக ஒரே கட்டடத்தில் அடைக்காமல் தெருவுக்குப் பத்து, இருபது குடும்பமாகப் பிரித்துக் கொடுத்தால் இன்னொரு கண்ணகி நகர் முகவரி உருவாகாது.

காப்பகமும் வேண்டும், வேறு வேலைக்கு. குடும்பம் பிரியாமல் சில மாதம் தங்க அறைகள், வண்டி நிறுத்த இடம், பொருள் வைக்கப் பூட்டுப்பெட்டி. ஆதாரும் வங்கிக் கணக்கும் பள்ளிச் சேர்க்கையும் அங்கேயே முடிந்து, வெளியேறும்போது கையில் ஒரு வாடகை ஒப்பந்தம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 2013இலிருந்து ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் இருக்கிறது. அதைக் காப்பகத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அளவுக்காவது திட்டமிட முடியாதா?

இதையெல்லாம் தொடங்க, யார் எங்கே படுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1. கடந்த முறை வீடற்றோரை 2011 பிப்ரவரி 28 இரவு ஒரே ராத்திரியில் எண்ணினார்கள். 2027 வரை காத்திருக்க வேண்டிய அவசியம் சென்னைக்கு இல்லை. இந்த மாவட்டத்தின் தேர்தல் அதிகாரி மாநகராட்சி ஆணையர்தான். எந்தக் கடை வாசலில் எந்தக் குடும்பம் தூங்குகிறது என்று ராத்திரியில் போய்ச் சரிபார்க்க வேண்டிய அலுவலர்கள் அவருக்குக் கீழேதான் வேலை செய்கிறார்கள். காப்பகங்களின் பதிவேடும் ஆணையர் உட்காரும் அதே ரிப்பன் மாளிகைக்குத்தான் போகிறது. வாரியத்தின் காலி வீட்டுக் கணக்கை மட்டும் சேப்பாக்கத்துப் பக்கமிருந்து வரவழைக்க வேண்டும்.